மதிலுக்கு முன் கிணறு: ஜாம்பிப் பேரழிவுக்கு ஒரு குடியிருப்பைத் திட்டமிடுவது எப்படி

ஜாம்பிகளிடமிருந்து தப்பி வந்த நூறு பேருக்கு ஒரு குடியிருப்பை வரைந்து காட்டுமாறு புதியவர் எவரிடம் தாளைக் கொடுத்தாலும், அவர் முதலில் இழுக்கும் கோடு மதிலாகத்தான் இருக்கும். பிறகு நான்கு மூலைகளிலும் கோபுரங்கள் எழும். முன்புறத்தில் ஒரு பெரிய வாயிலும், அதன் மேல் துப்பாக்கி ஏந்திய இருவரும் வந்து சேர்வார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என்னுடைய முதல் மூன்று வரைபடங்களில் கழிப்பறை என்ற ஒன்றே இல்லை.

இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. நீர், கழிவு, வாயில் ஆகிய மூன்றையும் முதலில் வைத்துவிட்டால், மதில் எங்கே போகவேண்டும் என்பதை அவையே சொல்லிவிடும். கற்பனையான பகையை வைத்து இவ்வளவு மெனக்கெடுவது வீண் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2011-இல் ஜாம்பிகளைச் சாக்காக வைத்தே பொதுமக்களுக்குப் பேரிடர் முன்னேற்பாட்டைக் கற்பித்தது. அதே ஆண்டில் அந்நாட்டு ராணுவத்தின் வியூகக் கட்டளைப் பிரிவும் ஜாம்பிகளைப் பகைவராக வைத்து ஒரு பயிற்சித் திட்டத்தை எழுதியது. இல்லாத பகைவனை வைத்துத் திட்டமிட்டால் எந்த நாட்டுக்கும் மனவருத்தம் நேராது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

முதற்படி: பகையின் இயல்பை எழுதிக்கொள்ளுதல்

எதற்கு எதிராகக் கட்டுகிறோம் என்பதை எழுதி வைக்காமல் கட்டுபவர்கள், பாதி வேலையில் தங்கள் அனுமானத்தை மாற்றிக்கொண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார்கள். இங்கே நான் எடுத்துக்கொள்ளும் ஜாம்பி மெதுவாக நடக்கும், ஒலியை நோக்கி வரும், ஏணியோ கருவியோ பயன்படுத்தத் தெரியாது, களைப்படையாது. அதன் கடியால் நோய் பரவும். எந்தக் காரணத்தால் இறந்தவரும் சற்று நேரத்தில் எழுந்துவிடுவார் என்றும் வைத்துக்கொள்கிறேன். இந்தக் கடைசி அனுமானம் கடுமையானது. ஆயினும் கடுமையானதை வைத்துத் திட்டமிட்டவருக்குப் பிறகு நல்ல செய்தி மட்டுமே வரமுடியும்.

பழந்தமிழ்ப் போர் மரபில் மதிலை வளைப்பதற்கு உழிஞை என்றும் காப்பதற்கு நொச்சி என்றும் பெயர். நம்முடைய நிலையில் நொச்சி உண்டு, உழிஞை இல்லை. வளைத்து நிற்கும் மனிதப்படைக்குச் சூழ்ச்சி தெரியும். மதிலின் பலவீனமான இடத்தை அது தேடும். ஆனால் அதற்குப் பசிக்கும், மழையில் நனைந்து நோய் வரும், ஒரு நாள் அலுத்துத் திரும்பிப் போகும். ஜாம்பிக் கூட்டத்துக்குச் சூழ்ச்சியும் தெரியாது, திரும்பிப் போகக் காரணமும் கிடையாது. ஆகவே நம் மதில் பெரிய சாமர்த்தியத்தோடு அமையவேண்டிய தேவையில்லை. முற்றுகையோ தானாக முடியாது என்பதால், கூட்டம் சேராமல் தடுப்பதும், சேர்ந்துவிட்டால் உள்ளே பல வாரங்கள் தாக்குப்பிடிப்பதும், அதைக் கலைத்து வேறு பக்கம் இழுப்பதுமே திட்டத்தின் பெரும்பகுதி ஆகின்றன.

இரண்டாம் படி: எத்தனை பேர், எவ்வளவு நிலம்

மனிதநேய உதவி அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் தரநிலைகள் அகதி முகாம்களுக்கு ஆளொன்றுக்கு 45 சதுர மீட்டர் நிலத்தைப் பரிந்துரைக்கின்றன. பாதை, கழிப்பறை, சமையலிடம், பொதுவெளி யாவும் இதற்குள் அடக்கம். கூரைக்குக் கீழே மட்டும் ஆளொன்றுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் வேண்டும். நூறு பேருக்கு மொத்த நிலம் 4,500 சதுர மீட்டர். இதற்கு வெளியே, மதிலை ஒட்டி உட்புறமாக 8 மீட்டர் அகலத்துக்கு வெறுந்தரை விடவேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 85 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரமும் 340 மீட்டர் சுற்றளவும் கிடைக்கின்றன.

இந்தச் சுற்றளவுக் கணக்கைப் புதியவர்கள் ஒருமுறையாவது தாங்களே போட்டுப் பார்க்கவேண்டும். அதே அளவுகளில் முப்பது பேருக்குக் கட்டினால் ஒவ்வொருவரும் 7 மீட்டர் மதிலுக்குப் பொறுப்பாகிறார்கள். நூறு பேருக்கு அது 3.4 மீட்டராகவும், இருநூறு பேருக்கு ஏறத்தாழ 2.2 மீட்டராகவும் குறைகிறது. பரப்பு நான்கு மடங்காகும்போது சுற்றளவு இரு மடங்கே ஆகிறது என்பதுதான் இதன் அடிப்படை. சிறு குழுவாக ஒளிந்திருப்பதே பாதுகாப்பு என்று நம்புபவர்கள் காவலுக்கு ஆளில்லாமல் தூக்கம் கெட்டு வீழ்வார்கள். அதற்காக ஆயிரம் பேரைச் சேர்த்துக்கொள்ளவும் கூடாது. ஒருவரையொருவர் முகம் பார்த்து அறியாத கூட்டத்தில் கடிபட்ட ஒருவர் மறைந்திருப்பது எளிது. முதல் முயற்சிக்கு நூறு பேர் என்பது நல்ல அளவு.

மூன்றாம் படி: இடம்

சற்றே உயர்ந்த, ஒரு பக்கமாகச் சரிந்த நிலம். பெருஞ்சாலையிலிருந்து கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தொலைவு. தோண்டினால் நீர் கிடைக்கும் மண். நடந்து போகும் தூரத்தில் விளைநிலம். இந்த நான்கும் இருந்தால் போதும். அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்தளங்கள் பாதுகாப்பாகத் தோன்றினாலும், மின்சாரம் நின்ற நாளிலிருந்து ஒவ்வொரு குடம் நீரும் படியேறித்தான் வரவேண்டும். வணிக வளாகங்களில் கண்ணாடி மிகுதி, சன்னல் குறைவு, நீரூற்றே இல்லை. சிறைச்சாலையின் மதில் நல்ல மதில்தான். ஆனால் முதல் வாரத்தில் அங்கே யார் இருந்தார்கள், அவர்கள் என்ன ஆனார்கள் என்பதை உள்ளே நுழைந்துதான் அறியமுடியும். தீவு நல்ல இடம். படகும் நன்னீரும் உறுதியாக இருந்தால் மட்டுமே.

நான்காம் படி: நீர்

ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்பது குடிக்க, சமைக்க, கழுவ, குளிக்க என எல்லாவற்றுக்கும் சேர்த்து ஸ்பியர் வைக்கும் குறைந்த அளவு. நூறு பேருக்கு 1,500 லிட்டர். முப்பது நாள் வெளியே போகவே முடியாமல் அடைபட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொண்டால் 45,000 லிட்டர் ஆகிறது. இவ்வளவையும் தொட்டிகளில் சேமிப்பது கடினம் என்பதால்தான் மதிலுக்குள் கிணறு வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறேன்.

கிணறு எங்கே என்பதில்தான் முழு வரைபடமும் அடங்கியிருக்கிறது. கழிப்பறைக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளியிருக்கவேண்டும் என்பது பொதுவான விதி. நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: மதிலுக்கு வெளியே விழுந்து அழுகும் உடல்கள். மூலையில் கிணறு தோண்டிவிட்டு அந்த மூலைக்கு வெளியே முந்நூறு பிணங்கள் குவிந்தால், நிலத்தடி நீரை நம்பமுடியாது. 85 மீட்டர் சதுரத்தின் நடுவில் கிணறு இருந்தால் நான்கு பக்கங்களிலிருந்தும் அது 42 மீட்டருக்குக் குறையாத தொலைவில் அமையும். வெறுந்தரைப் பட்டைக்கு உட்புறமாக, சரிவின் கீழ்ப்பக்கத்தில் கழிப்பறைகளை வைத்தாலும் 30 மீட்டர் இடைவெளி மிஞ்சும். நான் மதிலின் இடத்தை முடிவு செய்தது கிணற்றிலிருந்துதான், காவல் கோபுரத்திலிருந்து அல்ல.

மழைநீரைப் புறக்கணிக்கக் கூடாது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். நூறு பேருக்கான 350 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் பெய்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 2,24,000 லிட்டர் கிடைக்கும். இது ஆண்டுத் தேவையில் ஏறத்தாழ 40 விழுக்காடு. கூரையை முதல் மழை கழுவிச் செல்லும்வரை அந்நீரைத் தொட்டிக்குள் விடாதீர்கள்.

சுத்திகரிப்புக்கு மூன்று வழிகள் உள்ளன. கொதிக்க வைப்பது மிக உறுதியானது. நன்கு தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடம் போதும், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மூன்று நிமிடம். ஆனால் விறகு செலவாகும், புகை எழும். நறுமணம் சேர்க்காத சாதாரண பிளீச் திரவம் 6 விழுக்காட்டு வலிமையில் இருந்தால், தெளிந்த நீருக்கு லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டு அரைமணி நேரம் காத்திருக்கவேண்டும். கலங்கிய நீரை முதலில் துணியில் வடிகட்டிவிட்டு இரட்டிப்பு அளவு விடவேண்டும். மூன்றாவது வழி வெயில்: நிறமற்ற பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த நீரை நிரப்பி முழு வெயிலில் ஆறு மணி நேரம், மேகமூட்டமாக இருந்தால் இரண்டு நாள் கிடத்தினால் கிருமிகள் பெரும்பாலும் அழியும். பிளீச் நாளடைவில் வலிமை இழக்கும் என்பதால் அதை முதல் சில மாதங்களுக்கான ஏற்பாடாக மட்டுமே கருதுங்கள்.

ஐந்தாம் படி: கழிவு

ருவாண்டாவிலிருந்து 1994-இல் தப்பியோடியவர்கள் இன்று காங்கோ ஜனநாயகக் குடியரசு எனப்படும் ஜயர் நாட்டின் கோமா நகரைச் சுற்றி முகாமிட்டபோது, காலராவும் வயிற்றுக்கடுப்பும் பரவி முதல் மாதத்திலேயே ஏறத்தாழ 50,000 பேர் இறந்தார்கள். அவர்களைத் துரத்தி வந்தவர்கள் எவரும் அந்த மரணங்களுக்குத் தேவைப்படவில்லை. கெட்ட நீரும் கழிப்பறையின்மையும் போதுமாயிருந்தன. இறந்தவர் எழுந்து நடக்கும் உலகில் இப்படியொரு காலரா இரட்டைப் பேரழிவாகும். படுக்கையில் ஒருவர் இறக்கிறார், அடுத்த படுக்கையில் இருப்பவருக்கு எழுந்து ஓடத் தெம்பில்லை. மதிலின் உயரம் அங்கே எதையும் மாற்றாது.

இருபது பேருக்கு ஒரு கழிப்பறை என்று ஐந்து கட்டுங்கள். ஒருவரால் ஆண்டுக்கு 40 முதல் 60 லிட்டர் கசடு சேரும் என்பதால், இருபது பேர் பயன்படுத்தும் குழியில் ஆண்டுக்கு ஒரு கன மீட்டர் நிறையும். மூன்று கன மீட்டர் குழி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வரும். குழியின் அடிமட்டம் நிலத்தடி நீர்மட்டத்திலிருந்து 1.5 மீட்டராவது மேலே இருக்கட்டும். குடிசையிலிருந்து 50 மீட்டருக்கு மேல் நடக்கவேண்டியிருந்தால் இரவில் யாரும் போகமாட்டார்கள், மதிலோரத்திலேயே ஒதுங்குவார்கள். கழிப்பறை வாசலில் சோப்பும் நீரும் இல்லையென்றால் மேற்சொன்ன எல்லாம் பாதிப் பயனே தரும்.

ஆறாம் படி: எல்லை

இப்போது மதிலுக்கு வரலாம். மதில் மீது வரும் உண்மையான சுமை நகங்களும் பற்களும் அல்ல, கூட்டத்தின் தள்ளுவிசை. மனிதக் கூட்ட நெரிசல்களில் எஃகுக் கைப்பிடிகள் வளைந்து கிடந்ததை ஆராய்ந்தவர்கள் அங்கே 4,500 நியூட்டனுக்கு மேற்பட்ட விசை இயங்கியிருப்பதாகக் கணித்திருக்கிறார்கள். நெரிசலில் மூச்சுத்திணறும் மனிதர் தள்ளுவதை நிறுத்த முயல்வார்; ஜாம்பி முயலாது. சாதாரணக் கம்பிவலை வேலி ஒரு கூட்டத்தை ஓர் இரவு தாங்கினாலே பெரிது.

ஆகவே நான் முதலில் பரிந்துரைப்பது அகழி. மேலே 2 மீட்டரும் அடியில் 1 மீட்டரும் அகலமுள்ள, 1.5 மீட்டர் ஆழமான பள்ளம். தோண்டிய மண்ணை உட்புறமாகக் குவித்து இறுக்கினால் ஒன்றரை மீட்டர் உயரக் கரை எழும்; பள்ளத்தின் அடியிலிருந்து பார்த்தால் மொத்தம் மூன்று மீட்டர். தள்ளும் கூட்டத்தின் முன்வரிசை பள்ளத்தில் விழும்போது, பின்வரிசையின் விசை மதிலைச் சேர்வதே இல்லை. 340 மீட்டருக்கு இது ஏறத்தாழ 765 கன மீட்டர் மண். ஒருவர் மண்வெட்டியால் நாளொன்றுக்கு ஒரு கன மீட்டர் தோண்டுவார் என்று கொண்டால், முப்பது பேருக்கு இருபத்தைந்து அல்லது இருபத்தாறு நாள் வேலை. ஒன்றரை மீட்டருக்கு மேல் முட்டுக்கொடுக்காமல் தோண்டாதீர்கள். சரியும் மண் ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ளது, அதற்குள் புதைந்தவரை மீட்க நேரம் இருக்காது.

அகழியில் நீர் விடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதலை நீந்தும் அகழிகளைக் கதைகளில் படித்து வளர்ந்த நமக்கு அந்த ஆசை இயல்பானது. ஆனால் தேங்கிய நீரில் கொசு பெருகும், விழுந்த உடல்கள் ஊறும், அந்த ஊறல் கிணற்றை நோக்கிக் கசியும். வறண்ட அகழியே நல்லது. அதை வாரம் ஒருமுறையாவது காலிசெய்து, உடல்களைக் கிணற்றிலிருந்து வெகு தொலைவில், சரிவின் கீழ்ப்பக்கத்தில் புதைக்கவேண்டும். நிரம்பிய அகழி, அகழியே இல்லாத நிலையைவிட மோசமானது, அது பாலமாகிவிடும்.

கரையின் மேல் என்ன நிற்கவேண்டும் என்பது கிடைக்கும் பொருளைப் பொறுத்தது. கப்பல் சரக்குப் பெட்டகம் ஒன்று 6 மீட்டர் நீளமும் 2.6 மீட்டர் உயரமும் கொண்டது. காலியாகவே இரண்டு டன்னுக்கு மேல் எடை. நம் சுற்றளவுக்கு ஐம்பத்தேழு பெட்டகங்கள் வேண்டும், அவற்றைத் தூக்க கிரேனும் அதற்கு டீசலும் வேண்டும் என்பதை ஆசைப்படுவோர் கணக்கில் கொள்ளவும். பேருந்துகளை வரிசையாக நிறுத்துபவர்கள் அவற்றின் அடியில் உள்ள இடைவெளியை மறந்துவிடுகிறார்கள். கல் நிரப்பிய கம்பிக்கூடைகள் மிக நல்லவை. ஆள்பலம் மட்டும் போதும். மரக்கழிகளானால் மூன்றில் ஒரு பங்கு நீளம் மண்ணுக்குள் போகட்டும், தரைமட்டத்தில் உளுத்துப்போயிருக்கிறதா என்று மழைக்காலந்தோறும் தட்டிப் பாருங்கள்.

வடிவத்தைப் பற்றி ஒன்று. மதில் எங்கும் உள்நோக்கி மடங்கக் கூடாது. உள்மடிப்பில் வந்து சேரும் கூட்டத்துக்கு வெளியேறும் வழி புலப்படாமல் அங்கேயே அடைந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். சாலை இருக்கும் திசையில் ஒரு மூலை நீட்டிக்கொண்டிருந்தால், வரும் கூட்டம் ஆற்றுநீர் பாறையைச் சுற்றிப் பிரிவதுபோல இரு பக்கமும் பிரிந்து போகும். மூலைகளில் சற்று வெளியே துருத்திய கொத்தளம் வைத்தால், அதில் நிற்பவருக்கு மதிலின் அடிவாரம் முழுவதும் தெரியும். மதிலுக்கு மேலே நேராக நிற்பவருக்குத் தன் காலடியில் நடப்பது தெரியாது. அதற்காகத்தான் பழைய கோட்டைகளில் கொத்தளம் இருந்தது. வெளியே 50 மீட்டருக்குப் புதர்களை வெட்டுங்கள். அதற்கப்பால் முழங்கால் உயர முட்புதர் அடர்ந்திருந்தால் நல்லது. முன்னோர் அரணுக்கு வெளியே காவற்காடு வளர்த்ததும் கூட்டத்தின் வேகத்தை முறிக்கத்தான்.

இனி, அந்த 8 மீட்டர் வெறுந்தரை. ரோமானியப் படைகள் நடைப்பயணத்தில் ஒவ்வொரு நாள் மாலையும் அகழியும் கரையும் எழுப்பி முகாமிட்டன. கரைக்கும் கூடாரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 60 மீட்டர் காலியாக விட்டதாகக் குறிப்பு உண்டு. நமக்கு எறிவேல் பயமில்லை என்பதால் 8 மீட்டர் போதும். மதில் உடைந்தால் அதை உடனே பார்ப்பதற்கும், ஆட்கள் ஓடிவந்து சேர்வதற்கும், மண்மூட்டை அடுக்குவதற்கும் அந்த இடம் வேண்டும். ஆறு மாதம் கழித்து யாராவது அங்கே கோழிக்கூண்டு வைக்கக் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள்.

ஏழாம் படி: வாயிலும் ஒதுக்கிடமும்

வாயில் சாலையை நோக்கி இருக்கக் கூடாது, எதிர்ப்பக்கம் இருக்கட்டும். பெருங்கதவு ஒன்றும், அதற்குள் ஒரே ஒருவர் குனிந்து நுழையும் அளவுக்குத் திட்டிவாசல் ஒன்றும் வையுங்கள். அன்றாடப் போக்குவரத்து முழுவதும் திட்டிவாசல் வழியாகவே நடக்கவேண்டும். வண்டி வரும்போது மட்டும் பெருங்கதவு. கதவு வெளிப்புறமாகத் திறப்பதாக இருந்தால், கூட்டம் தள்ளத் தள்ள அது சட்டத்தோடு இறுகும். உட்புறமாகத் திறப்பதென்றால் தாழ்ப்பாள் மட்டுமே தாங்கவேண்டும். ஆனால் வெளியே உடல்கள் குவிந்தால் வெளிப்புறக் கதவு திறக்காது. இரண்டுக்கும் நடுவழியாக, பக்கவாட்டில் உருளும் கதவையே நான் விரும்புகிறேன்.

முதல் வாயிலுக்கு உள்ளே ஒரு முற்றம், அதன் முடிவில் இரண்டாம் வாயில். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது என்பதற்கு விதிவிலக்கே கிடையாது. இந்த முற்றத்தின் பக்கத்தில்தான், வெளியிலிருந்து வருவோரைத் தனியே தங்கவைக்கும் ஒதுக்கிடம். ரகூசா என்ற துறைமுக நகரம் 1377-இல் கொள்ளைநோய் பரவிய ஊர்களிலிருந்து வருவோரை நகருக்கு வெளியே 30 நாள் தங்கவைத்தது. பின்னாளில் அது 40 நாளாகி, இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து குவாரண்டைன் என்ற பெயர் பிறந்தது. நமக்கு எத்தனை நாள் என்பது அந்த நோயின் உள்வளர்ச்சிக் காலத்தை, அதாவது தொற்றியபின் அது வெளிப்பட ஆகும் காலத்தைப் பொறுத்தது. கடியால் பரவும் உண்மையான நோய்களில் இதற்கு மிக நெருக்கமான வெறிநாய்க்கடி பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் வெளிப்படும். ஒரு வாரத்திலும் வரலாம், ஓராண்டும் ஆகலாம். கதைகளில் வருவதுபோலச் சில மணி நேரத்தில் மாறுவதானால் மூன்று நாள் தாராளம்.

ஒதுக்கிடத்தில் ஒவ்வொருவருக்கும் தனி அறை வேண்டும். ஐந்து பேரை ஒரே அறையில் அடைத்தால், ஒருவர் மாறும்போது நாம் ஐந்து ஜாம்பிகளை உருவாக்கியிருப்போம். தனி நீர், தனிக் கழிப்பறை, உள்ளிருப்பவர் முகம் தெரியும்படி ஒரு சாளரம், பேச்சுத்துணை. கடைசியாகச் சொன்னது அலங்காரம் அன்று. உள்ளே வீழும் குடியிருப்புகளின் கதை எல்லாம் ஒன்றே: கடிபட்ட ஒருவர் அதை மறைத்தார். சொன்னால் அந்த இடத்திலேயே கொன்றுவிடுவார்கள் என்று தெரிந்த எவரும் சொல்லமாட்டார். கடியை ஒப்புக்கொண்டவருக்கு அறையும் உணவும், வேண்டியவரோடு பேசும் வாய்ப்பும், முடிவு எப்படி வரும் என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் உண்டு என்று முதல் நாளே எல்லோருக்கும் அறிவித்துவிடுங்கள். வேலைக்குச் சென்று திரும்பும் ஒவ்வொருவரையும், தலைவர் உட்பட, உடல் சோதனை செய்வதும் இதன் பகுதியே.

இங்கிலாந்தின் ஈயம் என்ற கிராமம் 1665-இல் கொள்ளைநோய் வந்தபின், 1666-இல் தன்னைத்தானே அடைத்துக்கொண்டது. எல்லைக்கல்லில் குழிகள் செய்து, வினிகரில் நாணயங்களை இட்டு வைத்து, வெளியார் கொண்டுவந்து வைத்த பொருள்களை எடுத்துக்கொண்டது. பிற குடியிருப்புகளுடன் பண்டமாற்று செய்வதற்கு இதே முறை இன்றும் பொருந்தும்: வாயிலிலிருந்து 200 மீட்டர் தள்ளி ஒரு கல், இருவரும் ஒரே நேரத்தில் அங்கே நிற்பதில்லை.

எட்டாம் படி: உள்ளே

பெரிய கூடமொன்றில் நூறு பேரைப் படுக்கவைக்காதீர்கள். இறந்தவர் எழும் உலகில், நள்ளிரவில் மாரடைப்பால் ஒரு முதியவர் இறப்பதும் தாக்குதல்தான். நான்கு முதல் ஆறு பேருக்கு ஓர் அறை, உள்ளிருந்து தாழிடும் கதவு, நோயாளிகளுக்கு இரவெல்லாம் விழித்திருக்கும் துணை. குடிசைகளுக்கு இடையே குறைந்தது 2 மீட்டர் இடைவெளி. கூரை ஓலையானால் இன்னும் கூடுதலாக. மூடிய மதிலுக்குள் தீப்பிடித்தால் வெளியே ஓடவும் முடியாது. களஞ்சியத்தை இரண்டாகப் பிரித்து எதிரெதிர்ப் பக்கங்களில் வையுங்கள்.

ஒன்பதாம் படி: ஒலி

தொலைவு இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் குறைகிறது. ஏழு மீட்டரில் 70 டெசிபெல் கேட்கும் ஜெனரேட்டர், 450 மீட்டரில் 34 டெசிபெல்லாக இறங்கும். ஊர் அடங்கிய இரவில் அதுவும் காதில் விழும். எனவே ஜெனரேட்டரைக் குழிக்குள் இறக்கி மூன்று பக்கமும் மண்மூட்டை அடுக்கி, புகை வெளியேற வழிவிட்டு, பகலில் மட்டும் ஓட்டுங்கள். பெட்ரோல் எப்படியும் ஓராண்டுக்குள் கெடத் தொடங்கிவிடும். சூரியத்தகடுகளை நம்புவது நல்லது. துப்பாக்கி கடைசிக் கருவி. ஒரு ஜாம்பியை வீழ்த்தும் வெடிச்சத்தம் பல கிலோமீட்டர் சுற்றிலும் உள்ளவற்றுக்கு அழைப்பு மணி. கரைமேல் நின்று நீண்ட ஈட்டியால் குத்துவதற்குச் சத்தமில்லை, தோட்டா தீர்ந்துபோவதும் இல்லை.

இதே ஒலியை நமக்கு ஏவலாளாகவும் ஆக்கலாம். குடியிருப்பிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, வெவ்வேறு திசைகளில் மூன்று இடங்களில், கயிறோ கடிகாரமோ இயக்கும் மணியை அமையுங்கள். மதிலைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தால் உள்ளே முழு அமைதி காத்து, தொலைவில் ஒரு மணியை ஒலிக்கவிடவேண்டும். குழந்தைகளுக்கு இந்த அமைதியை விளையாட்டாகப் பழக்கிவிடுங்கள். பெரியவர்களைப் பழக்குவதுதான் சிரமம்.

பத்தாம் படி: காவலும் வயலும்

ஒருவர் வாரத்துக்கு 40 மணி நேரம் காவல் காத்தால், ஓரிடத்தை வாரத்தின் 168 மணி நேரமும் நிரப்ப நால்வருக்குச் சற்று மேல் வேண்டும். நான்கு கொத்தளங்களுக்கும் வாயிலுக்கும் சேர்த்து இருபத்தொருவர். குழந்தைகளையும் முதியவர்களையும் நோயாளிகளையும் கழித்தால், உழைக்கக்கூடியவர்களில் மூவரில் ஒருவர் மதில்மேலேயே இருப்பார். பகலில் குறுக்கெதிரான இரண்டு கொத்தளங்களே நான்கு பக்கங்களையும் பார்த்துவிடும் என்பதால், மற்ற இரண்டையும் இரவுக்கு மட்டும் ஒதுக்கி ஆட்களை மிச்சப்படுத்தலாம். மிச்சமாகும் ஆட்கள் எல்லோரும் வயலுக்குத் தேவை.

ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோகலோரி என்று வைத்தால், ரசாயன உரமின்றி ஹெக்டேருக்கு இரண்டு டன் தானியம் விளையும் நிலம் ஒன்பது பேருக்குச் சோறு போடும். விதைக்கு எடுத்து வைப்பது, எலி தின்பது, மழை பொய்ப்பது எல்லாம் கணக்கிட்டால் நூறு பேருக்கு 20 ஹெக்டேருக்குக் குறையாமல் வேண்டும். அதற்கு மதில் கட்ட நினைத்தால் சுற்றளவு 1,800 மீட்டர் வரும், அது நடக்காது. வயல் வெளியேதான் இருக்கும். ஆகவே அங்கே ஐந்து நிமிட ஓட்டத்துக்கு ஒன்று வீதம் ஏணியுடன் கூடிய பரண்களை அமைத்து, அனைவரும் மேலேறியபின் ஏணியை இழுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள். வயலில் வேலைசெய்யும் இருவருக்குத் துணையாக ஒருவர் பரணிலிருந்து பார்த்திருக்கட்டும். அவர் கையில் கொடி இருக்கட்டும், ஊதல் வேண்டாம். முதல் அறுவடை வரும்வரை தாங்க, ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக்கிலோ தானியமும் பருப்பும் என்ற கணக்கில் ஓராண்டுக்கு 18 டன் தேவை. இதைத் தேடிச் சேர்ப்பது மதில் வேலைக்கு முந்திய வேலை.

பதினொன்றாம் படி: கட்டும் வரிசையும் வெளியேறும் வழியும்

முதல் நாள் நீரும் தற்காலிகக் கழிப்பறைக் குழியும். அன்றிரவு உறங்க ஏணி இழுக்கக்கூடிய மேல்தளம் ஏதேனும் ஒன்று. முதல் வாரத்தில் ஒதுக்கிடமும் வாயில் முற்றமும், சுற்றிலும் கிடைத்த கம்பியும் தகரமும் கொண்டு ஓர் இலேசான வேலி. முதல் மாதத்தில் அகழி. மதில் அதன் பிறகு, மூன்றாம் மாதம் வரை நீண்டாலும் பாதகமில்லை.

தப்பிப்பதற்கென்று தனியாக ஒரு வாயிலை, சாலையை நோக்காத வேறொரு பக்கத்தில் வைத்து, உள்ளிருந்து மட்டும் திறக்கும்படி செய்து, வெளியே அகழிமேல் போட ஒரு பலகையை அதனருகில் சாத்தி வையுங்கள். பழைய கோட்டைகளில் சுருங்கை என்ற நிலவறை வழி இருந்திருக்கிறது. முட்டுக்கொடுக்கத் தெரியாதவர்கள் அதைத் தோண்ட முயலவேண்டாம். ஒரு நாள் நடையில் சேரக்கூடிய இரண்டாம் இடம் ஒன்றைத் தேர்ந்து, நூறு பேருக்கு மூன்று நாள் உணவும் நீரும் கயிறும் மருந்தும் அங்கே புதைத்து வைக்கவேண்டும். அதன் வழியைக் குறைந்தது பத்துப் பேர் இருட்டிலும் அறிந்திருக்கவேண்டும். மாதம் ஒருமுறை, முன்னறிவிப்பில்லாமல், எல்லோரும் அந்தத் தப்பும் வாயிலருகே வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். நடக்க முடியாதவர்களை யார் தூக்குவது என்பது பெயர் சொல்லி எழுதப்பட்ட பட்டியலாக அந்தக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கட்டும். ஆள் மாறும்போதெல்லாம் பட்டியலும் அன்றைக்கே மாறட்டும்.